மழலையர் மையத்தின் தரத்தை உயர்த்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தரத்தை உயர்த்தப்போகிறோம் என்று ஒரு மழலையர் பள்ளியோ பகல்நேரக் காப்பகமோ முடிவெடுத்ததும், பட்டியலில் முதலில் ஏறுவது புது பெயின்ட், புது பொம்மை, புதுப் பாடப்புத்தகம். இவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு மையம் நல்லதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. அங்கே இருக்கும் பெரியவர் அந்தக் குழந்தையோடு எப்படிப் பேசுகிறார், அது சொல்வதை எப்படிக் கேட்கிறார், எப்படித் தூக்குகிறார், அழும்போது என்ன செய்கிறார் என்பதுதான் அது. கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இடத்தை நோக்கித்தான் போகின்றன.

இந்தத் துறையில் தரத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். கட்டடம், பொருட்கள், ஆசிரியரின் கல்வித் தகுதி, ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு, இவை கட்டமைப்புத் தரம். குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையில் அன்றாடம் நடப்பது செயல்முறைத் தரம். முதலாவது இல்லாமல் இரண்டாவது வருவது கடினம். ஆனால் முதலாவது இருந்துவிட்டாலே இரண்டாவது தானாக வந்துவிடாது. மையங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தின் ஆய்வில் மொத்தம் 123 குழந்தைகள்தான். அதில் சுமார் பாதிப் பேர் பள்ளிக்கு வந்தார்கள். ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார். குழந்தைகள் தாங்களே திட்டமிட்டு விளையாடினார்கள். ஆசிரியர்கள் வாரம்தோறும் வீட்டுக்கே போய்த் தாயோடும் குழந்தையோடும் நேரம் செலவிட்டார்கள். அந்தக் குழந்தைகளை 40 வயதிலும் தேடிப் பார்த்தபோது, பள்ளிக்கு வராத மற்றப் பாதியினரைவிட அவர்களின் வருமானம் அதிகமாகவும் கைதுகள் குறைவாகவும் இருந்தன. அடுத்தது டென்னசி மாநிலத்தின் பாலர் வகுப்புத் திட்டம். ஏறத்தாழ 3000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு, ஆறாம் வகுப்பு முடிவுகளை 2022இல் வெளியிட்டது. திட்டத்தில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிடத் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். பாலர் வகுப்பு என்ற பெயர் மட்டும் ஒரு குழந்தைக்கும் நன்மை செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: இன்றே சரிசெய்ய வேண்டியவை

பாதுகாப்புக்கு எந்த ஆய்வும் ஆலோசனைக் கூட்டமும் தேவையில்லை. முட்டிபோட்டுக் குழந்தையின் உயரத்துக்கு வந்து ஒவ்வோர் அறையையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எட்டும் உயரத்தில் பிளக் பாயின்ட், மூடாத தண்ணீர் வாளி, தொண்டையில் சிக்கும் அளவுள்ள சின்னப் பொருட்கள், கீழே இழுத்தால் சாயும் அலமாரி, துப்புரவு மருந்துகள், பூட்டாத வாசல் கதவு. நின்றபடி பார்க்கும்போது இவற்றில் பாதி கண்ணில் படாது. கைக்குழந்தைகளை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், தலையணையும் கனமான போர்வையும் இல்லாமல். குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். முதலுதவி தெரிந்த ஒருவர் எந்த நேரமும் மையத்தில் இருக்க வேண்டும். டயப்பர் மாற்றிய பிறகும், சாப்பாட்டுக்கு முன்பும் பெரியவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை நீங்களே நின்று பாருங்கள்.

அடிப்பதும் அவமானப்படுத்துவதும் எந்தச் சூழலிலும் கிடையாது என்ற விதியும் இந்தப் படியில்தான் வருகிறது. அடிப்பதைப் படிப்படியாகக் குறைக்கத் திட்டம் போடுவதற்கு இடமில்லை. இன்றோடு நிற்க வேண்டும்.

இரண்டாம் படி: எதையும் மாற்றுவதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள்

பொறுப்பில் இருப்பவர்கள் வகுப்பறைக்குள் நுழையும்போது பெரும்பாலும் ஆசிரியரைத்தான் பார்க்கிறார்கள். குழந்தையைப் பாருங்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் அதை மட்டும் கவனியுங்கள். துறுதுறுவென்று எல்லோர் கண்ணிலும் படும் குழந்தை வேண்டாம். யாருக்கும் தொந்தரவு தராமல் அமைதியாக இருக்கும் குழந்தை எங்கே என்று தேடிப் பிடியுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன செய்கிறது, யாரோடு, பெரியவர் யாராவது அதனிடம் பேசினார்களா, பேசியிருந்தால் என்ன வார்த்தைகள்.

கிடைப்பது இப்படி இருக்கலாம். ‘9:40 – பாயில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் வரும்வரை காத்திருப்பு. 9:45 – இன்னும் காத்திருப்பு. பக்கத்துப் பையனின் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறாள். “கையைக் கட்டு.” 9:50 – ரைம்ஸ். வாய் அசைகிறது, கண் ஜன்னலில். 9:55 – வரிசையில் நிற்கிறாள். “நேரா நில்லு.” 10:05 – கை கழுவக் காத்திருப்பு.’ யாரும் அவளை மோசமாக நடத்தவில்லை. ஆனால் இருபத்தைந்து நிமிடத்தில் அவள் காதில் விழுந்தவை இரண்டு கட்டளைகள். அவள் வாயிலிருந்து வந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு தாள் எந்த ஆய்வறிக்கையையும்விட உங்கள் மையத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

இதற்கு இன்னும் முறையான கருவி வேண்டும் என்றால், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ரே லாவர்ஸ் உருவாக்கிய அளவுகோல் எளிமையானது. அது பார்ப்பவை இரண்டு: குழந்தை மன இறுக்கமின்றி இயல்பாக இருக்கிறதா, செய்யும் வேலையில் ஆழ்ந்து போயிருக்கிறதா. இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. நெற்றி சுருங்கி, நாக்கு லேசாக வெளியே நீண்டு, கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் ஒரு வேலையில் மூழ்கியிருக்கும் குழந்தைக்கு ஈடுபாட்டில் 5. பார்வை அலைந்துகொண்டு, கை மட்டும் ஏதோ செய்துகொண்டிருந்தால் 1 அல்லது 2.

ஒன்று முக்கியம். இந்தக் குறிப்புகளை ஆசிரியர்களைப் பிடித்துக் கேள்வி கேட்கப் பயன்படுத்தினால், அடுத்த முறை நீங்கள் உள்ளே வரும்போது அங்கே ஒரு நாடகம்தான் நடக்கும். தாளை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்களும் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கட்டும்.

மூன்றாம் படி: காத்திருக்கும் நேரத்தை வெட்டுங்கள்

மேலே உள்ள குறிப்பில் அதிகம் வந்த சொல் காத்திருப்பு. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் இடைவெளிகளில்தான் நாளின் பெரும்பகுதி கரைகிறது. டென்னசி ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த டேல் ஃபாரனும் அவருடைய குழுவினரும் வகுப்பறைக்குப் பரிந்துரைத்த எட்டு மாற்றங்களில், இந்த இடைநேரத்தைக் குறைப்பதும் ஒன்று. குழந்தைகள் பேசுவதை ஆசிரியர் கூடுதலாகக் கேட்பது இன்னொன்று.

செய்ய வேண்டியவை செலவில்லாதவை. எல்லோரும் ஒரே நேரத்தில் கை கழுவ வேண்டியதில்லை, ஐந்து பேர் போகட்டும், மற்றவர்கள் விளையாடிக்கொண்டே இருக்கட்டும். முதலில் முடித்த குழந்தை புத்தக மூலைக்குப் போகலாம், கடைசிக் குழந்தை முடிக்கும்வரை வாயில் விரல் வைத்து உட்கார வேண்டாம். நாளை இருபது நிமிடத் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கும் டைம்டேபிளைக் கலைத்து, காலையில் ஒரு மணி நேரமாவது குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்து விளையாடும் தொடர்ச்சியான நேரம் கொடுங்கள். கட்டைகளை அடுக்கி ஒரு பாலம் நிற்கத் தொடங்கும்போது மணி அடித்தால், அந்தக் குழந்தை அடுத்த நாள் பாலம் கட்டாது.

அசைவுக்கும் இடம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலின்படி, மூன்று நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடம் ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் கட்டிப்போட்டதுபோல் உட்கார வைக்கக் கூடாது. திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். வீட்டில் எப்படியும் திரை பார்க்கும் என்பதால், மையத்தில் அதை முழுவதும் எடுத்துவிடுவதே என் பரிந்துரை.

நான்காம் படி: எண்ணிக்கையும் மாறாத முகமும்

ஒருவரே முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் நாள் முழுக்கக் கூட்டத்தைச் சமாளிக்கத்தான் முடியும். அமெரிக்காவின் இளம் குழந்தைகள் கல்விக்கான தேசியச் சங்கம் கைக்குழந்தைகளுக்கு 4 பேருக்கு ஒருவர், நான்கைந்து வயதினருக்கு 10 பேருக்கு ஒருவர், ஒரு குழுவில் 20 பேருக்கு மிகாமல் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் வேறு எண்ணைச் சொல்லலாம். சட்டம் சொல்வது உச்ச வரம்புதான், அதைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

கூடுதல் ஆள் எடுக்கப் பணமில்லை என்றால் வகுப்பைப் பிரித்து நடத்துங்கள். ஒரு பாதி வெளியே ஓர் உதவியாளரோடு, மறு பாதி உள்ளே. அரை மணி நேரத்துக்காவது ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பத்துக் குழந்தைகள் என்று அமையும். அந்த அரை மணியில் நடக்கும் பேச்சே வேறு.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ‘இவர் என் ஆள்’ என்று ஒருவர் இருக்க வேண்டும். காலையில் வாங்கிக்கொள்வது, ஊட்டுவது, தூங்க வைப்பது, பெற்றோரிடம் அன்றைய செய்தி சொல்வது எல்லாம் முடிந்தவரை அதே ஆள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும்.

ஐந்தாம் படி: பேச்சு

வேறு எதற்கும் நேரமோ பணமோ இல்லை, ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, சிறந்த மையங்களில் அடிக்கடி கண்ட ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. பெரியவரும் குழந்தையும் சேர்ந்து ஒரு விஷயத்தை யோசிப்பது, அந்த யோசனையை இருவரும் நீட்டிக்கொண்டே போவது. மணலில் தண்ணீர் ஊற்றும் ஒரு நாலு வயதுக் குழந்தையிடம் அது இப்படி நடக்கும்:

“டீச்சர், தண்ணி காணோம்!”

“அட, ஆமா. இப்பத்தானே ஊத்தின. எங்கே போயிருக்கும்?”

(ஆசிரியர் பேசாமல் காத்திருக்கிறார்.)

“மண்ணு குடிச்சிருச்சு.”

“மண்ணு குடிச்சிருச்சா! இன்னும் எவ்வளவு குடிக்கும்னு நினைக்கிற?”

“பத்து கப்பு.”

“ஊத்திப் பார்ப்போமா? நீ ஊத்து, நான் எண்றேன்.”

இதே இடத்தில் ‘மணலை ஈரமாக்காதே’ என்று முடிந்திருக்கலாம். ‘தண்ணீர் என்ன நிறம்? மணல் என்ன நிறம்?’ என்று கேள்வி கேட்டும் முடிந்திருக்கலாம். விடை தெரிந்தே கேட்கும் இந்த வகைக் கேள்விதான் பாலர் வகுப்புகளில் மலிந்து கிடக்கிறது. அதற்குக் குழந்தை ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மேலே உள்ள உரையாடலில் குழந்தை ஓர் ஊகத்தைச் சொல்கிறது, அளவைக் கணிக்கிறது, சோதித்துப் பார்க்கப் போகிறது. அறிவியலும் கணக்கும் மொழியும் ஒரு கப் தண்ணீரிலேயே வந்துவிட்டன.

அந்தக் காத்திருப்பைத் தனியாகப் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதுமே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மழலைக்கு அதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும். ஆசிரியர்களை மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். தொடக்கத்தில் அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இன்னும் பேச்சு வராத கைக்குழந்தையிடமும் இதே கொடுக்கல் வாங்கல்தான். அது ‘ங்ஙா’ என்றால் நீங்களும் ‘ங்ஙா’ என்று சொல்லி, அதன் முறைக்காக நிறுத்துங்கள். அது விளக்கைப் பார்த்தால், “விளக்கு பார்க்கிறியா? எரியுது பாரு” என்று அதன் பார்வை போன இடத்தைப் பற்றிப் பேசுங்கள். குழந்தை தொடங்குகிறது, பெரியவர் பதில் தருகிறார். மூளை வளர்ச்சியின் அடித்தளம் இந்த மாறி மாறி நடக்கும் பரிமாற்றம்தான்.

கதைப் புத்தகத்துக்கும் இதே வழிதான். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பதைவிட, நாலைந்து பேரோடு உட்கார்ந்து பேசிப் பேசி வாசிப்பது மொழியை வேகமாக வளர்க்கும். 1988இல் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்து, ஒரே மாதத்தில் பேச்சுத் திறனில் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டினார்கள். செய்முறை இதுதான். “இந்த நாய் ஏன் மேசைக்கு அடியில போய் உட்கார்ந்திருக்கு?” “பயம்.” “ஆமா, இடிச் சத்தத்துக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கு. உனக்கு எப்பவாவது அப்படிப் பயமா இருந்திருக்கா?” கேட்பது, குழந்தை சொன்னதை ஏற்று ஒரு சொல்லை வாக்கியமாக வளர்ப்பது, அதன் வாழ்க்கையோடு இணைப்பது. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கக் கூச்சப்பட வேண்டாம். மூன்றாவது வாசிப்பில்தான் குழந்தையே கதை சொல்லத் தொடங்கும்.

இவையெல்லாம் குழந்தையின் வீட்டு மொழியில் நடக்க வேண்டும், குறைந்தபட்சம் வீட்டு மொழிக்கு மையத்தில் மதிப்பு இருக்க வேண்டும். புரியாத மொழியில் கட்டளை கேட்டே நாளைக் கழிக்கும் குழந்தை கற்றுக்கொள்வது மௌனத்தைத்தான். இன்னொரு மொழி மெதுவாகப் பக்கத்தில் சேரட்டும்.

ஆறாம் படி: இடமும் பொருட்களும்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பொருட்கள் குழந்தை தானே எடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரிக்குள் வரிசையாக அடுக்கிய பொம்மையால் யாருக்கும் பயனில்லை. கட்டைகள், மணல், தண்ணீர், களிமண், துணி, அட்டைப்பெட்டி, மூடிகள் என்று ஒன்றைப் பலவாறாக மாற்றிக்கொள்ளும் பொருட்கள், பொத்தானை அமுக்கினால் பாடும் பொம்மைகளைவிட நெடுநாள் உழைக்கும். சத்தமான விளையாட்டும் புத்தக மூலையும் அருகருகே வேண்டாம். ஒரு குழந்தை தனியாக ஒதுங்கி இருக்க, ஆனால் பெரியவரின் கண்ணில் படும்படி, ஒரு சின்ன இடம் வேண்டும். சுவரில் வாங்கி ஒட்டிய படங்களை எடுத்துவிட்டுக் குழந்தைகள் வரைந்தவற்றை அவர்கள் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். நடக்கச் சிரமப்படும் குழந்தையும் கண்பார்வை குறைந்த குழந்தையும் இதே அலமாரியை எட்ட முடிகிறதா என்றும் பாருங்கள்.

ஏழாம் படி: டயப்பர், சாப்பாடு, தூக்கம்

சின்னக் குழந்தைகளின் நாளில் பெரும்பகுதி இவைதான். ஆனாலும் இவற்றை ‘பாடத்துக்கு’ இடையில் அவசரமாக முடிக்க வேண்டிய வேலைகளாகவே நினைக்கிறோம். புடாபெஸ்ட் நகரில் 1946இல் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர் இதைத் தலைகீழாக மாற்றினார். உடை மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும்தான் பெரியவரின் முழுக் கவனம் குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் என்றார். ‘இப்போ சட்டையைக் கழட்டப்போறேன், கையைக் குடு’ என்று சொல்லிவிட்டுக் குழந்தை கையை நீட்டும்வரை காத்திருப்பது அங்கே வழக்கம். ஆறு மாதக் குழந்தைகூட ஒத்துழைக்கத் தொடங்குவதை நீங்களே பார்க்கலாம். பின்னாலிருந்து திடீரென்று தூக்குவதும், சொல்லாமல் மூக்கைத் துடைப்பதும் குறைந்தாலே அறையில் அழுகைச் சத்தம் குறையும்.

சாப்பாட்டில் திணிப்பு வேண்டாம். என்ன, எப்போது என்பதைப் பெரியவர் முடிவு செய்யட்டும், எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். பெரியவர்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவே நல்ல உரையாடல் நேரம். தூக்கம் வராத குழந்தையைக் கண்ணை மூடிக் கிடக்கச் சொல்வதற்குப் பதில், சத்தமில்லாத ஒரு வேலை கொடுங்கள்.

எட்டாம் படி: ஆசிரியர்களைக் கவனியுங்கள்

குழந்தையிடம் பொறுமையாகப் பேசு என்று சொல்லும் நிர்வாகம், அந்த ஆசிரியரிடம் எப்படிப் பேசுகிறது? குறைந்த சம்பளம், இடைவேளை இல்லாத எட்டு மணி நேரம், மாலையில் பதிவேடுகள், அப்புறம் ஆண்டு விழா நடனப் பயிற்சி. இப்படி இருந்தால் நல்லவர்கள் விலகிவிடுவார்கள். ஒவ்வொருவர் விலகும்போதும் பத்துக் குழந்தைகள் தங்கள் ஆளை இழக்கிறார்கள். ஆகவே சம்பளமும் மையத்தின் தரம் சார்ந்த விஷயம்தான். புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இங்கே திருப்ப முடியுமா என்று பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒரு நாள் பயிற்சி முகாம் பழக்கங்களை மாற்றுவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் வகுப்புக்குள்ளேயே வந்து, பார்த்து, பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுவது மாற்றும். அப்படி ஒருவரை வெளியிலிருந்து அழைக்க முடியாவிட்டால் ஆசிரியர்களே ஜோடி சேரலாம். கைபேசியில் தன் வகுப்பைப் பத்து நிமிடம் பதிவு செய்து, தானே பார்த்து, ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடலாம்: நான் எத்தனை முறை காத்திருந்தேன்? அந்தப் பதிவு ஆசிரியருக்குச் சொந்தம். பெற்றோரின் ஒப்புதலோடு எடுத்து, பார்த்ததும் அழித்துவிட வேண்டும்.

வாரத்தில் ஒரு மணி நேரம், குழந்தைகள் இல்லாத சம்பள நேரத்தில், எல்லோரும் சேர்ந்து குறிப்புகளைப் பார்த்துப் பேச ஒதுக்குங்கள். இந்த ஒரு மணி இல்லாமல் இந்த வழிகாட்டியின் மற்ற எந்தப் படியும் நிற்காது.

ஒன்பதாம் படி: பெற்றோர்

‘என் பிள்ளை இன்னும் எழுதவில்லையே’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற கவலை அது. ஒர்க்‌ஷீட்டுக்குப் பதிலாக என்ன நடக்கிறது என்று காட்டினால்தான் அந்தக் கவலை தீரும். மாவு பிசைந்த விரல்கள்தான் நாளை பென்சிலைப் பிடிக்கும், ‘மண்ணு குடிச்சிருச்சு’ என்ற வாக்கியம்தான் நாளைய வாசிப்புக்கு அடிப்படை என்று, அவர்கள் குழந்தை சொன்ன சொல்லையே எழுதிக் காட்டி விளக்குங்கள். மாலையில் ‘நல்லா இருந்தா’ என்பதற்குப் பதில், அன்று நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். குழந்தையைப் பற்றி அவர்களிடமும் கேளுங்கள். வீட்டில் எதற்குச் சிரிக்கும், எதற்கு அழும் என்று உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

பத்தாம் படி: அளந்து பார்த்து, அடுத்ததை எடுங்கள்

மையத்தை மதிப்பிடலாம். அதற்காக மூன்று வயதுக் குழந்தைக்குப் பரீட்சை வைக்க வேண்டியதில்லை. சூழலையும் பொருட்களையும் மதிப்பிட தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் இருவரும் 1980இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் திருத்திய பதிப்புகளில் பல நாடுகளில் பயன்படுகிறது. ராபர்ட் பியான்டா குழுவினரின் வகுப்பறை அளவுகோல், ஆசிரியர் தரும் மனத்துணை, வகுப்பை நடத்தும் விதம், சிந்தனையைத் தூண்டும் விதம் என்று மூன்றைப் பார்க்கிறது. முறையான பயிற்சி கிடைத்தால் இவற்றைப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாம் படியில் எழுதிய அந்தத் தாளே போதும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். முதல் படியை உடனே முடியுங்கள். அப்புறம் உட்கார்ந்து பார்த்து, ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து ஆறு வாரம் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது தொடங்க எளிது, பலனும் விரைவில் தெரியும். ஆறு வாரம் கழித்து அதே அறையில், அதே நேரத்தில், அதே குழந்தையை மறுபடி பாருங்கள். அவளிடம் யாராவது பேசினார்களா, அவள் எதையாவது சொன்னாளா, சொன்னதை யாராவது கேட்டார்களா என்று குறியுங்கள். மாற்றம் தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். தெரியாவிட்டால், ஆசிரியரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன், அவருக்கு அந்த வாராந்திர ஒரு மணி நேரம் உண்மையிலேயே கிடைத்ததா என்று விசாரியுங்கள்.